ஈஎம்டி பயிற்சி: செய்முறைத் தேர்வில் கை தவறும் இடங்கள்

தளிர் (இழையைத் தொடங்கியவர்)

ஈஎம்டி (ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை செய்யும் பணியாளர்) வகுப்பில் பாடத்தை வரி விடாமல் ஒப்பிப்பவர்கள்கூடச் செய்முறையில் திணறுகிறார்கள். ஆம்பு பேக்கை (மாஸ்க் வழியாக மூச்சு கொடுக்கும் கைப்பையை) கையில் கொடுத்தால் மார்பு எழும்புவதில்லை. விபத்து நோயாளியைப் பாருங்கள் என்றால் நேராக உடைந்த காலில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்தெந்த இடத்தில் கை தவறுகிறது, ஏன் தவறுகிறது, எப்படிப் பழகினால் திருந்தும்? "நிறையப் பயிற்சி செய்யுங்கள்" என்ற பொதுப் பதில் வேண்டாம். அளவு, வரிசை, காரணம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எந்த மருந்தை ஈஎம்டி கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது ஊருக்கு ஊர் மாறும், அது தெரியும். கேள்வி அடிப்படைக் கைவேலையைப் பற்றித்தான்.

---

நீலவிளக்கு

அந்த உடைந்த காலில் இருந்தே தொடங்குகிறேன். வளைந்து கிடக்கும் கால் கண்ணை இழுக்கும். அதில் கை வைத்த நேரத்தில் தொண்டையில் இரத்தம் தேங்கி மூச்சு அடைபட்டிருக்கும். முதல் பரிசோதனைக்கு ஒரு வரிசை வைத்திருப்பதே கண் இழுத்த பக்கம் கை போகாமல் இருக்கத்தான்.

நோயாளியின் பக்கத்தில் போவதற்கு முன்பே நான்கு விஷயம் முடிந்திருக்க வேண்டும்: கையுறை, இடம் பாதுகாப்பானதா, எத்தனை பேருக்கு அடி, கூடுதல் உதவி வேண்டுமா. கடைசி இரண்டையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முதலில் கண்ணில் பட்டவரோடு உட்கார்ந்துவிட்டால் வண்டிக்கு அந்தப் பக்கம் கிடக்கும் இன்னொருவரைப் பார்க்க ஆளிருக்காது.

பக்கத்தில் போனதும் முதலில் பீய்ச்சும் இரத்தம். அது இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிறுத்துங்கள். பிறகு நினைவு: தானாக விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் பார்க்கிறாரா, வலி கொடுத்தால் அசைகிறாரா, எதற்கும் அசைவில்லையா. பிறகு மூச்சுப் பாதை, மூச்சு, இரத்த ஓட்டம். இரத்த ஓட்டம் பார்க்கும்போது மணிக்கட்டு நாடி, தோலின் நிறம், சூடு, ஈரம் எல்லாவற்றையும் ஒரே தொடுகையில் எடுத்துவிடலாம். முதுகுக்கு அடியில் இரு கைகளையும் விட்டு இழுத்து, கையுறையில் இரத்தம் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கையை விடுகிறார்கள், இழுக்கிறார்கள், கையுறையைப் பார்ப்பதே இல்லை.

இதில் ஒரு விதி: கண்டதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. தொண்டையில் களகள சத்தம் கேட்டால் சக்ஷன் (உறிஞ்சும் கருவி) போட்டுவிட்டுத்தான் மூச்சை எண்ண வேண்டும். இது முடிந்ததும் "உடனே கிளம்ப வேண்டியவரா, இங்கேயே பார்க்க நேரம் இருக்கிறதா" என்று வாய்விட்டு முடிவு சொல்லுங்கள். தலை முதல் கால் வரையான விரிவான பரிசோதனை அதற்குப் பிறகுதான். உடனே கிளம்ப வேண்டியவர் என்றால் அதை வண்டி ஓடும்போது செய்யலாம்.

---

கட்டுத்துணி

நீலவிளக்கு அண்ணா சொன்ன வரிசை சரி. ஆனால் வாய்விட்டுச் சொல்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. "மூச்சுப் பாதை தெளிவு, மூச்சு சரி, நாடி சரி" என்று மந்திரம் மாதிரி ஓடவிட்டுப் பழகியவர்கள் கை வைக்காமலே அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். பொம்மைக்கு எப்போதும் எல்லாம் சரியாக இருக்கும், அதனால் வகுப்பில் இது பிடிபடாது.

பழகும்போது நண்பர் ஒருவர் கையில் அட்டை வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் கன்னத்தை மூக்கருகே கொண்டுபோய் மார்பைப் பார்த்த பிறகுதான் "நிமிடத்துக்கு 8 மூச்சு, ஆழமில்லை" என்று அவர் சொல்ல வேண்டும். தொடாவிட்டால் பதிலும் கிடையாது. ஒவ்வொரு முறையும் அட்டையில் வேறு கோளாறு இருக்கட்டும். எல்லாம் சரியாக இருக்கும் நோயாளியை வைத்துப் பழகினால் கோளாறு வரும்போது கை நின்றுவிடும்.

---

நீலவிளக்கு

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தேர்வில் வாயை மூடிக்கொண்டு செய்ய முடியாது. உங்கள் கண் எங்கே போகிறது, மனதில் என்ன கணக்கு ஓடுகிறது என்பது தேர்வாளருக்குத் தெரியாது. கை முதலில், வாய் அதன் பின்னால். தொட்டதைச் சொல்லுங்கள், தொடப்போவதைச் சொல்லாதீர்கள்.

---

இரவுப்பணி

ஆம்பு பேக்கைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஈஎம்டியின் கையில் இருக்கும் கருவிகளிலேயே அதிகம் உயிர் காப்பதும், தவறாகப் பிடித்தால் அதிகம் கெடுப்பதும் இதுதான் என்பது என் கருத்து.

மார்பு எழும்பாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: மாஸ்க்கை முகத்தின் மேல் அழுத்துவது. காற்று கசிகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் கீழே அழுத்துகிறார்கள். அழுத்த அழுத்தத் தாடை பின்னால் போகும், நாக்கு தொண்டையை அடைக்கும், பாதையே மூடிவிடும். செய்ய வேண்டியது நேர் எதிர். தாடையைத் தூக்கி மாஸ்க்குக்குள் கொண்டுவர வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வளையமாக இருக்கும், அவை பிடித்துக்கொள்ள மட்டும். மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பில் கொக்கி மாதிரி மாட்டியிருக்கும், தூக்கும் வேலை அவற்றுக்குத்தான். அந்த மூன்றும் எலும்பில் இருக்க வேண்டும். தாடைக்கு அடியில் உள்ள மென்சதையில் அழுத்தினால் நாக்கை நீங்களே மேலே தள்ளுகிறீர்கள். சின்னக் குழந்தைகளிடம் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மாஸ்க்கின் அளவு: மேல்முனை மூக்குத்தண்டின் மேல், கீழ்முனை கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவே உள்ள பள்ளத்தில். கண்ணை அழுத்தினாலோ முகவாயைத் தாண்டித் தொங்கினாலோ பெரிது. பொருந்தி உட்காரும் பல்செட்டைக் கழற்றாதீர்கள், கழற்றினால் கன்னம் உள்ளே போய்க் காற்று கசியும். ஆடுகிற பல்செட் என்றால் எடுத்துவிடுங்கள்.

தலை நிலை: பெரியவர்களுக்குக் காதுத் துளையும் மார்பெலும்பின் மேல் குழியும் ஒரே மட்டத்தில் வரும்படி தலைக்கு அடியில் துணி மடித்து வையுங்கள். கைக்குழந்தைக்குப் பின்தலை பெரியது, தானாகவே கழுத்து மடங்கும். அதனால் துணி தோளுக்கு அடியில் போக வேண்டும். கழுத்தில் அடி என்று சந்தேகம் இருந்தால் தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்னால் தள்ளுங்கள். அப்படியும் பாதை திறக்கவில்லை என்றால் தலையைச் சாய்த்தே ஆக வேண்டும். மூச்சில்லாமல் கழுத்தைக் காப்பாற்றிப் பயனில்லை.

இனி அளவு. பெரியவர் பையில் சுமார் ஒன்றரை லிட்டர் கொள்ளும். ஒரு மூச்சுக்கு வேண்டியது 500 முதல் 600 மில்லி. பையை முழுக்கப் பிழிந்தால் மிச்சக் காற்று வயிற்றுக்குப் போகும், வயிறு உப்பும், வாந்தி வரும், அது நுரையீரலுக்குள் இறங்கும். ஒரு நொடி நேரம் மெதுவாக அழுத்தி, மார்பு எழும்பத் தொடங்கியதும் நிறுத்துங்கள். நாடி இருந்து மூச்சு மட்டும் இல்லாத பெரியவருக்கு 6 நொடிக்கு ஒன்று, குழந்தைகளுக்கு 2 முதல் 3 நொடிக்கு ஒன்று. பதற்றத்தில் எல்லோரும் இதைவிட இரண்டு மடங்கு வேகமாக அடிப்பார்கள். வேகமாக அடித்தால் மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தம் குறைந்து, பிரஷர் இறங்கும். பக்கத்தில் இருப்பவர் நொடியை எண்ணிச் சொல்வது பெரிய உதவி.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்கட்டும், இன்னொருவர் பையை அழுத்தட்டும். தனியாகச் செய்வதைப் பெருமையாக நினைக்க வேண்டாம். சின்னக் கை உள்ளவர்களுக்கு ஒரு கைப்பிடி சரியாக வராது, அது கையின் அளவு சார்ந்தது.

---

தளிர்

மிகவும் தெளிவாக இருக்கிறது அக்கா. ஏர்வே (மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் குழாய்) போடுவதில் எப்போது வாய்வழி, எப்போது மூக்குவழி?

---

இரவுப்பணி

குமட்டல் உணர்வு இல்லாதவருக்கு மட்டும் வாய்வழி. அளவு: வாய் ஓரத்தில் இருந்து தாடைக் கோணம் வரை. சிறியதைப் போட்டால் நாக்கைப் பின்னால் தள்ளும், பெரியதைப் போட்டால் குரல்வளை மூடியை அழுத்தும். பெரியவர்களுக்கு வளைவு மேல்பக்கம் பார்க்க நுழைத்து, பாதியில் 180 டிகிரி திருப்புங்கள். குழந்தைகளுக்குத் திருப்பக் கூடாது, மேலண்ணம் கிழியும். நாக்கைக் கட்டையால் அழுத்திக்கொண்டு நேராகவே விடுங்கள். ஓங்கரித்தால் உடனே வெளியே எடுத்து, சக்ஷனைக் கையில் தயாராக வையுங்கள்.

ஓங்கரிப்பவருக்கு மூக்குவழி. மூக்கு நுனியில் இருந்து காது மடல் அடி வரை அளவு. ஜெல் தடவி, சாய்வாக வெட்டிய முனை நடுச்சுவரைப் பார்க்க, முகத்துக்கு நேர்செங்குத்தாகப் பின்னோக்கித் தள்ளுங்கள். மேல்நோக்கி அல்ல. தட்டினால் பலம் காட்டாமல் அடுத்த துவாரத்தில் முயலுங்கள். நடு முகம் நொறுங்கியிருந்தாலோ, மூக்கு காது வழியாகத் தெளிந்த நீர் வந்தாலோ இதைத் தவிர்க்க வேண்டும்.

சக்ஷன்: கண்ணுக்குத் தெரியும் ஆழம் வரைதான். உள்ளே போகும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே வரும்போதுதான். பெரியவருக்கு 15 நொடி, குழந்தைக்கு 10, கைக்குழந்தைக்கு 5, அதற்கு மேல் வேண்டாம். உறிஞ்சுவது சளியை மட்டும் அல்ல, ஆக்ஸிஜனையும் சேர்த்துத்தான்.

---

நாடிக்கணக்கு

ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எழுத்துத் தேர்விலும் வரும், வேலையிலும் வரும், இரண்டிலும் தவறுவார்கள்.

முதலில் மாட்டுவது. சிலிண்டர் வாய் யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க, ஒரு நொடி திறந்து மூடுங்கள். வாயில் உள்ள தூசி வெளியே போய்விடும். ரெகுலேட்டரின் உள்ளே வாஷர் இருக்கிறதா பாருங்கள். முன்னால் மாட்டியதைக் கழற்றும்போது அது பழைய சிலிண்டரிலேயே ஒட்டிக்கொண்டு போயிருக்கும். வாஷர் இல்லாமலோ இரண்டு வாஷரோடோ மாட்டினால் உஸ் என்று கசியும், எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. கையால் முறுக்கினால் போதும். கிரீஸ், எண்ணெய், வாசலின் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, அழுத்த ஆக்ஸிஜனில் எண்ணெய்ப் பசை தானாகவே தீப்பிடிக்கும். திறக்கும்போது மெதுவாகத் திறங்கள். பாதுகாப்பில்லாமல் நிற்க வைக்காதீர்கள், படுக்க வையுங்கள். விழுந்து வால்வு ஒடிந்தால் சிலிண்டர் பாயும்.

அடுத்து எவ்வளவு நேரம் வரும் என்ற கணக்கு. அமெரிக்க முறைப் புத்தகங்களில் சிலிண்டருக்கு ஒரு மாறிலி இருக்கும்: டி அளவுக்கு 0.16, இ அளவுக்கு 0.28. மீட்டர் காட்டும் பிஎஸ்ஐயில் (அழுத்த அலகு) இருந்து 200 கழித்து, மாறிலியால் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறதோ அதால் வகுக்க வேண்டும். டி சிலிண்டரில் 1500 பிஎஸ்ஐ இருக்கிறது, நான்-ரீபிரீதர் மாஸ்க்கில் (ஆக்ஸிஜன் நிரம்பும் பையோடு வரும் மாஸ்க்) 15 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1300 பெருக்கல் 0.16, வருவது 208 லிட்டர். 15 ஆல் வகுத்தால் 14 நிமிடம்கூட இல்லை. முக்கால் பங்கு நிறைந்த சிலிண்டர் என்று நம்பிக் கிளம்பியவருக்குப் பாதி வழியில் தீர்ந்துபோகும்.

டி, இ என்ற எழுத்துகள் எல்லா நாட்டிலும் ஒரே அளவைக் குறிப்பதில்லை. சிலிண்டரின் மேல் நீர்க்கொள்ளளவு லிட்டரில் பொறித்திருந்தால், மீட்டரில் உள்ள 'பார்' (இதுவும் அழுத்த அலகு) அளவால் அதைப் பெருக்குங்கள். 5 லிட்டர் சிலிண்டரில் 100 பார் இருந்தால் ஏறக்குறைய 500 லிட்டர் வாயு. கடைசி 14 பாரைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதுதான் அந்த 200 பிஎஸ்ஐ. மிச்சம் 86 பெருக்கல் 5, அதாவது 430 லிட்டர். 15 லிட்டர் ஓட்டத்தில் 28 நிமிடம்.

நான்-ரீபிரீதர் மாஸ்க் போடும்போது, முதலில் உள்வால்வை விரலால் மூடிப் பையை நிரப்பிவிட்டுத்தான் முகத்தில் வைக்க வேண்டும். ஓட்டம் 10 முதல் 15. நோயாளி மூச்சை இழுக்கும்போது பை முழுக்கச் சப்பினால் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம், ஏற்றுங்கள். மூக்குக் குழாயில் 1 முதல் 6 லிட்டர்.

---

கட்டுத்துணி

ஆனால் எல்லோருக்கும் 15 லிட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் பழக்கம் போக வேண்டும். விரல் கருவியில் ஆக்ஸிஜன் 98 சதவீதம் காட்டும் நெஞ்சுவலி நோயாளிக்கு மேலும் ஆக்ஸிஜன் கொடுப்பதால் பயன் இல்லை. பொதுவாக 94 முதல் 98 வரை போதும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு 88 முதல் 92.

---

நாடிக்கணக்கு

சரிதான், ஆனால் விரலில் மாட்டும் கருவியை நம்பும் முன் அது எப்போது பொய் சொல்லும் என்று தெரிய வேண்டும். விரல் ஜில்லிட்டிருந்தால், நகப்பூச்சு இருந்தால், பிரஷர் மிகவும் குறைந்திருந்தால் அளவு தவறும் அல்லது வரவே வராது. கருவி காட்டும் நாடித் துடிப்பும் நீங்கள் கையால் எண்ணியதும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஆக்ஸிஜன் எண்ணையும் நம்பாதீர்கள். மூடிய அறையில் புகை சுவாசித்தவருக்குக் கருவி 99 காட்டும். கார்பன் மோனாக்ஸைடு ஒட்டிய இரத்தத்தையும் அது நல்ல இரத்தமாகவே கணக்கிடுகிறது. அவருக்கு எண்ணைப் பார்க்காமல் முழு ஓட்டம். மூச்சுத் திணறி உதடு நீலமாக இருப்பவருக்கு நுரையீரல் நோய் இருக்கிறது என்று பயந்து ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கவும் கூடாது. முதலில் கொடுங்கள், பிறகு 88 முதல் 92க்குக் குறையுங்கள்.

---

மூன்றாம்படி

சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சு கொடுப்பது) எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டீர்கள். தெரிந்த விஷயத்தில்தான் மதிப்பெண் போகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 செ.மீ. ஆழம், 6ஐத் தாண்டாமல். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. குழந்தைகளுக்கு இரண்டு பேர் செய்தால் 15க்கு 2, ஆழம் மார்பின் மூன்றில் ஒரு பங்கு. இதை எல்லோரும் சொல்வார்கள். தவறுவது வேறு இடத்தில். களைத்தபின் உடம்பைக் கையின் மேல் சாய்த்துக்கொள்கிறார்கள், மார்பு முழுசாக மேலே வருவதில்லை, இதயத்தில் இரத்தம் நிரம்புவதில்லை. களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும், அதனால் "நான் இன்னும் செய்வேன்" என்று சொன்னாலும் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மாறும் இடைவெளி, நாடி பார்க்கும் இடைவெளி, எதுவும் 10 நொடியைத் தாண்டக் கூடாது.

ஏஇடி (மார்பில் பட்டை ஒட்டி இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) ஷாக் கொடுத்ததும் நாடி பார்க்க நிற்காதீர்கள், உடனே அழுத்துங்கள். ஒட்டும் இடத்தில் மருந்துப் பட்டை இருந்தால் உரித்துத் துடையுங்கள், மார்பு ஈரமாக இருந்தால் உலர்த்துங்கள், தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் மேடு தெரிந்தால் அதன் மேல் ஒட்டாமல் தள்ளி ஒட்டுங்கள்.

---

கட்டுத்துணி

டூர்னிக்கெட், அதாவது இரத்தத்தை நிறுத்தக் கை காலில் இறுக்கும் பட்டை. கையில் எடுத்துப் பார்த்தால் எளிது, இருட்டில் வழுக்கும் கையுறையோடு போட்டால்தான் தெரியும்.

காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ., மூட்டின் மேல் அல்ல. காயம் எங்கே என்று தெரியாவிட்டால் கை அல்லது காலின் மேல் எல்லையில். சட்டைப்பை, கால்சட்டைப்பைக்குள் சாவி, போன் இருக்கிறதா என்று தடவிவிட்டுப் போடுங்கள். குச்சியைத் திருப்பும் முன் பட்டையை இழுத்து இறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. பட்டைக்கு அடியில் விரல் நுனி நுழையக் கூடாது, அவ்வளவு இறுக்கம். பட்டை தொளதொளவென்று இருந்தால் குச்சியைத் திருப்பத் திருப்பத் துணிதான் சுருளும், காலில் அழுத்தம் ஏறாது. மூன்று சுற்றுக்கு மேல் போகிறது என்றால் பட்டையை அவிழ்த்து மீண்டும் இழுப்பது நல்லது. இரத்தம் நின்று, கீழே நாடியும் நிற்கும் வரை திருப்புங்கள். நாடி இருக்கும்போது இரத்தம் மட்டும் நின்ற மாதிரி தெரிந்தால், சிரை அடைபட்டு தமனி ஓடிக்கொண்டிருக்கிறது. சற்று நேரத்தில் முன்னைவிட அதிகமாகக் கொட்டும்.

போட்ட நேரத்தை எழுதுங்கள். நிற்கவில்லை என்றால் முதலாவதைக் கழற்றாமல் அதற்கு மேலே இரண்டாவது. நோயாளிக்குக் கடுமையாக வலிக்கும், கெஞ்சுவார். தளர்த்தக் கூடாது. ஏன் வலிக்கிறது, ஏன் தளர்த்த மாட்டோம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இடுப்பு மடிப்பு, அக்குள், கழுத்து அடி போன்ற இடங்களில் டூர்னிக்கெட் போட முடியாது. அங்கே காயத்துக்குள் விரலை விட்டு இரத்தம் வரும் இடத்தைத் தேடி, அந்த இடத்தில் இருந்து தொடங்கித் துணியை நெருக்கித் திணிக்க வேண்டும். மேலே வைத்து மூடுவது திணிப்பு ஆகாது. நிறைந்ததும் இரத்தம் உறையச் செய்யும் துணி என்றால் குறைந்தது 3 நிமிடம், சாதாரணத் துணி என்றால் இன்னும் அதிக நேரம், நடுவில் எடுத்துப் பார்க்காமல் இரு கையாலும் அழுத்துங்கள்.

---

தளிர்

ஸ்பைன் போர்டில் (முதுகெலும்பு அசையாமல் கட்டிவைக்கும் பலகை) கட்டும் வரிசையைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்களே? வேலையில் இப்போது அதைப் பயன்படுத்துவதே இல்லை என்றும் சொல்கிறார்கள்.

---

நீலவிளக்கு

வரிசையில் சந்தேகமே வேண்டாம். உடல், பிறகு கால், கடைசியாகத் தலை. உடல்தான் கனம். தலையை முதலில் கட்டிவிட்டால், உடல் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் அந்த அசைவு முழுவதும் கழுத்தில் போய் விழும். தலையைப் பிடித்திருப்பவர் காலர் (கழுத்துப் பட்டை) போட்டபின் கையை எடுக்கக் கூடாது. காலர் அசைவைக் குறைக்கும், நிறுத்தாது. தலை போர்டோடு கட்டப்படும் வரை அவர் கை அங்கேயே. புரட்டும்போது கட்டளை கொடுப்பவரும் அவர்தான். கட்டுவதற்கு முன்னும் பின்னும் நான்கு கை கால்களிலும் நாடி, அசைவு, உணர்வு பார்த்து இரண்டையும் குறிக்க வேண்டும்.

வேலையில் குறைந்துவிட்டது என்பதும் உண்மை. கட்டையான பலகையில் நேரம் போகப் போக முதுகு வலிக்கும், பிட்டத்திலும் பின்தலையிலும் தோல் புண்ணாகும், மார்புப் பட்டை மூச்சைக் குறைக்கும். அதனால் பல சேவைகளில் இடிபாட்டில் இருந்து எடுக்க மட்டும் பலகை, பிறகு காலரோடு ஸ்ட்ரெச்சர் மெத்தைக்கு மாற்றிவிடுகிறார்கள். கத்திக்குத்து, குண்டுக் காயம் மட்டும் என்றால் கட்டிக்கொண்டு நேரம் கடத்தக் கூடாது.

---

இரவுப்பணி

அந்தப் பலகையில் படுத்திருப்பவருக்கு வாந்தி வந்தால் என்ன செய்வது என்று கட்டுவதற்கு முன்பே யோசியுங்கள். பலகையோடு பக்கவாட்டில் திருப்ப ஆள் வேண்டும், சக்ஷன் கை நீட்டும் தூரத்தில் வேண்டும்.

---

நாடிக்கணக்கு

பிரஷர் பார்ப்பதில் சில வார்த்தை. பட்டை சின்னதாக இருந்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும் அதிகமாகக் காட்டும். சட்டைக்கு மேல் கட்டாதீர்கள். மணிக்கட்டு நாடி மறையும் இடத்துக்கு மேல் 30 ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 வீதம் இறக்குங்கள். அவசரமாக இறக்கினால் மேல் அளவு குறைவாகவும் கீழ் அளவு கூடுதலாகவும் வரும். ஓடும் வண்டியில் ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது. நாடி திரும்பும் அளவை மட்டும் எடுத்து, கையால் தொட்டு எடுத்தது என்று எழுதுங்கள். கேட்காத எண்ணை ஊகித்து எழுதுவது பெரிய குற்றம், அடுத்து மருந்து கொடுப்பவர் அதை நம்பித்தான் கொடுப்பார்.

மூச்சை எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மூச்சு மாறும். நாடி பிடித்தபடியே 30 நொடி மார்பைப் பார்த்து இரண்டால் பெருக்குங்கள். நிலை மோசமானவருக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் மறுபடி, நிலையாக இருப்பவருக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை. ஒரே ஒரு முறை எடுத்த அளவை வைத்து நோயாளி தேறுகிறாரா சரிகிறாரா என்று சொல்லவே முடியாது.

கிளாஸ்கோ அளவை (கண், பேச்சு, அசைவு மூன்றையும் வைத்துச் சுயநினைவை அளப்பது) கூட்டுத்தொகையாக மட்டும் சொல்லாதீர்கள். கூப்பிட்டால் கண் திறக்கிறார் 3, பேச்சு குழம்புகிறது 4, வலி கொடுத்த இடத்துக்குக் கை போகிறது 5. மொத்தம் 12. இதே 12 வேறு சேர்க்கையிலும் வரும், மருத்துவருக்கு மூன்று எண்ணும் தனித்தனியாக வேண்டும். சுயநினைவு குழம்பியவர் யாராக இருந்தாலும் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை இறங்கினால் ஒரு பக்கம் கை விழுந்து பக்கவாதம் மாதிரியே இருக்கும். பக்கவாதம் என்றால் "எப்போது தொடங்கியது" என்று கேட்பதைவிட "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்" என்று கேளுங்கள். தூங்கி எழுந்தபோது பேச்சு குளறியது என்றால், தூங்கப் போன நேரம்தான் கணக்கு.

---

மூன்றாம்படி

மருந்தில் ஒன்றே ஒன்று. நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் கொடுக்க உங்கள் ஊரில் அனுமதி இருந்தால், 0.4 மி.கி., 5 நிமிட இடைவெளி, அதிகபட்சம் மூன்று. ஒவ்வொரு முறைக்கும் முன்னால் பிரஷர் பார்த்தாக வேண்டும், மேல் அளவு 100க்குக் கீழே இருந்தால் கிடையாது. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை போட்டாரா என்று கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அது கடந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் போயிருந்தால் பிரஷர் பாதாளத்துக்கு இறங்கும். பெண்களிடமும் கேளுங்கள், நுரையீரல் இரத்த அழுத்தத்துக்கு அதே மருந்தைக் கொடுப்பார்கள். உறவினர்களைச் சற்று விலக்கி, தாழ்ந்த குரலில், காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறைக்க மாட்டார்கள்.

---

தளிர்

இவ்வளவையும் எடுத்து வைத்துவிட்டேன், எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒரு கேள்வி. ஆம்புலன்ஸில் பயிற்சிக்குப் போகும் முதல் நாட்களில் எதைப் பார்க்க வேண்டும்?

---

இரவுப்பணி

நோயாளிக்கு முன்னால் வண்டியைப் பாருங்கள். பணி தொடங்கும்போது சோதிப்பதை யாராவது செய்வார்கள் என்று விட்டுவிடாமல் நீங்களே கேட்டு வாங்கிச் செய்யுங்கள். எந்தப் பொருள் எந்த அறையில் என்பது கண்ணை மூடினாலும் கைக்குத் தெரிய வேண்டும்.

சக்ஷன் குழாயை மடித்துப் பிடித்து ஓடவிட்டால் 4 நொடிக்குள் 300 மி.மீ. பாதரசம் தொட வேண்டும். தொடவில்லை என்றால் முதலில் குடுவை மூடியைப் பாருங்கள், சரியாக உட்காராத மூடிதான் பெரும்பாலும் காரணம். ஆம்பு பேக்கின் நோயாளிப் பக்க வாயை உள்ளங்கையால் அடைத்துப் பையை அழுத்துங்கள், அமுங்கக் கூடாது. அமுங்கினால் வால்வோ பையோ கசிகிறது. குழந்தைப் பையில் அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் வால்வு இருக்கும், அதை மூடிவைத்துத்தான் இதைச் சோதிக்க முடியும். சோதித்தபின் மறக்காமல் திறந்துவிடுங்கள். எல்லா அளவு மாஸ்க்கும் இருக்கிறதா, அவற்றின் ஓரத்தில் உள்ள காற்று மெத்தை சப்பியிருக்கிறதா பாருங்கள். ஏஇடி பட்டைகளின் காலாவதித் தேதி, குழந்தைப் பட்டை, ரேசர், துடைக்கும் துணி. பெரிய சிலிண்டரின் மீட்டரைத் திறந்து பாருங்கள், மூடியிருக்கும்போது முள் காட்டுவது பழைய அளவாக இருக்கலாம்.

---

நீலவிளக்கு

ஸ்ட்ரெச்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் ஸ்ட்ரெச்சரை ஏற்றி இறக்கிப் பூட்டு விழும் சத்தம் காதில் விழும் வரை பழகுங்கள். நோயாளி படுத்தபின் உருட்டும்போது உயரத்தைக் குறைத்தே வையுங்கள், உயர்த்தி வைத்தால் சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும் கவிழும். தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கி, இரு கைக்கும் இடையே சுமார் 25 செ.மீ., முதுகு நேராக, சுமை உடம்போடு ஒட்டி. இரட்டைப்படை எண்ணிக்கையில் ஆட்கள் நில்லுங்கள். தூக்கிய பிறகு இடுப்பில் திரும்பாதீர்கள், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். எடை அதிகம் என்று தோன்றினால் தூக்குவதற்கு முன்பே சொல்லிக் கூடுதல் ஆளைக் கூப்பிடுங்கள்.

---

கட்டுத்துணி

ஒப்படைக்கும் பேச்சையும் அந்த நாட்களிலேயே கவனியுங்கள் தளிர். வயது, என்ன நடந்தது, என்ன கண்டோம், அளவுகள் முதலில் எவ்வளவு, இப்போது எவ்வளவு, என்ன செய்தோம், அதற்கு என்ன பலன். ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். டூர்னிக்கெட் போட்ட நேரம், கடைசியாக நன்றாக இருந்த நேரம், கொடுத்த மருந்தின் நேரம் இந்த மூன்றும் வாயாலும் போக வேண்டும், எழுத்தாலும் போக வேண்டும். ஸ்ட்ரெச்சரில் இருந்து படுக்கைக்கு மாற்றும்போது பேசாதீர்கள், அப்போது யாரும் கேட்பதில்லை. மாற்றுவதற்கு முன் சொல்லுங்கள், அல்லது மாற்றி முடித்தபின் சொல்லுங்கள்.